பேராலயத்தில் நவீனக் கலை: தென்னாப்பிரிக்காவில் தமிழ்க் குழுவை அழைத்துச் சென்று காட்டுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்தும் கேப்டவுன் போகும் நம் குடும்பங்கள் டேபிள் மலைக்கு ஏறுகின்றன, ராபன் தீவுக்குப் படகு பிடிக்கின்றன, துறைமுகத்தில் மீன் சாப்பிடுகின்றன. நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் செயின்ட் ஜார்ஜ்ஸ் பேராலயத்தின் வாசலை மட்டும் பெரும்பாலோர் கடந்து போய்விடுகிறார்கள். அது வேறு மதத்தாரின் கோயில், நமக்கு அங்கே என்ன வேலை என்ற தயக்கம்தான் காரணம். அந்த வாசலுக்குள்ளே, நம் தாத்தாக்கள் நன்றாக அறிந்த மவுண்ட்பேட்டனின் நினைவாக வைத்த ஒரு பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. சொவெட்டோவில் ஒரு தேவாலயத்தில் கறுப்பின மரியாவின் ஓவியமும், அதே கூரையில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகளும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்காமல் இந்த நாட்டைப் பார்த்துவிட்டோம் என்று சொல்வது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள், கோயில் இளைஞர் அணியினர், ஓய்வுபெற்றோர் சங்கங்களை நடத்துபவர்கள், இந்தியாவிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் முன்தயாரிப்பும் போதும்.

எங்கே போவது

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பேராலயம் என்ற பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஆயரின் (பிஷப்பின்) இருக்கை எந்தத் தேவாலயத்தில் இருக்கிறதோ அதுவே பேராலயம். அளவுக்கும் அழகுக்கும் அதில் தொடர்பில்லை. நல்ல நவீனக் கலை சில நேரம் பங்குக் கோயிலில், அதாவது ஒரு பகுதி மக்களுக்கான சாதாரணத் தேவாலயத்தில்தான் இருக்கும். என் பட்டியலில் முதலில் வருவன இவை.

கேப்டவுன் செயின்ட் ஜார்ஜ்ஸ் ஆங்கிலிக்கன் பேராலயம். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது. 1901-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. டேபிள் மலையின் மணற்கல்லால் எழுந்தது. கட்டடம் பழைய பாணிதான். ஆனால் உள்ளேயும் வெளியேயும் 20, 21-ஆம் நூற்றாண்டுகளின் படைப்புகள் சேர்ந்திருக்கின்றன.

சொவெட்டோவின் ரெஜினா முண்டி. இது பேராலயம் அல்ல, கத்தோலிக்கப் பங்குக் கோயில். 1964-ல் திறக்கப்பட்டது. லெனேசியாவில் வசிக்கும் தமிழர்களுக்கு இது மிக அருகில். நிறவெறிச் சட்டங்கள் இந்தியர்களை ஒரு பக்கமும் கறுப்பினத்தவரை இன்னொரு பக்கமும் குடியேற்றியதால் பக்கத்து ஊரே வெகு தொலைவாகிவிட்டது. அங்கே ஒருமுறையும் போகாத பெரியவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் திருப்பிறப்புப் பேராலயம். டர்பனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 1980-களின் தொடக்கத்தில் எழுந்த வட்ட வடிவச் செங்கல் கட்டடம். இங்கே கட்டடமே நவீனப் படைப்பு. பக்கத்தில் 1857-ல் கட்டி முடித்த பழைய செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம் நிற்கிறது. ஜூலு மக்களுக்காகக் குரல் கொடுத்த ஆயர் கொலென்சோ அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நீளமான பழைய கூடத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வட்டக் கூடத்துக்குள் நுழையுங்கள். எல்லோரும் முன்னால் இருக்கும் பலிபீடத்தை நோக்கி வரிசையாக உட்காருவதற்கும், பலிபீடத்தைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்காருவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்லத் தேவையே இருக்காது. 1960-களுக்குப் பிறகு உலகமெங்கும் கிறிஸ்தவ வழிபாட்டு முறையில் வந்த மாற்றத்தை அந்த நாற்காலிகளின் அமைப்பே காட்டிவிடும். முதன்முறையாகக் குழுவை நடத்துபவர்களுக்கு நான் சொல்லும் இடம் இதுதான்.

டர்பன்காரர்கள் ஒத்திகைக்கு வெகுதூரம் போக வேண்டாம். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலா வாங்கிவிட்டு நடந்தே இம்மானுவேல் பேராலயத்துக்குப் போய்விடலாம். ஜும்மா மசூதியும் அதுவும் அருகருகே நிற்கின்றன. நிறவெறியை எதிர்த்து நின்ற பேராயர் டெனிஸ் ஹர்லியின் பேராலயம் அது. அங்கே குழுவை நிறுத்தவும், குரலைத் தாழ்த்திப் பேசவும், வழிபடுவோருக்கு இடைஞ்சல் இல்லாமல் நகரவும் பழகிக்கொள்ளலாம்.

முதலில் தனியாகப் போங்கள்

குழுவோடு போவதற்கு முன் ஒருமுறையாவது தனியாகப் போய்வர வேண்டும். இதில் சமரசம் கூடாது. புத்தகத்திலும் இணையத்திலும் பார்த்த படத்தில் ஒரு படைப்பின் அளவு தெரியாது, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தெரியாது, அதன் மேல் விழும் வெளிச்சமும் தெரியாது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணாடிச் சாளரத்தைப் பொறுத்தவரை அதுதான் பாதிப் படைப்பு. நம் நாடு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. ஐரோப்பியப் புத்தகங்கள் தெற்குச் சாளரத்தை நண்பகலில் பார்க்கச் சொல்லும். இங்கே அது வடக்குச் சாளரத்துக்குப் பொருந்தும். இன்னொரு சிக்கலும் உண்டு. தேவாலயத்தில் கிழக்கு என்றால் பலிபீடம் இருக்கும் பக்கம், மேற்கு என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். மனையின் அமைப்பு இடம் கொடுக்காதபோது இந்தத் திசைகள் உண்மைத் திசைகளோடு பொருந்தாமல் போகும். ஆகவே மேற்குச் சாளரம் என்று எழுதியிருப்பதை நம்பி மாலை நான்கு மணிக்குக் குழுவை அழைத்துப் போய்விடாதீர்கள். கைபேசியில் இருக்கும் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். முடிந்தால் காலையிலும் மாலையிலும் அதே பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்து, எந்த நிறம் எப்போது எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீலம் மேகமூட்டத்திலும் நிற்கும். சிவப்புக்கு நல்ல வெயில் வேண்டும். கேப்டவுனில் ஜூன், ஜூலை மழைக்காலம். கண்ணாடிக்காகவே போகிறீர்கள் என்றால் கோடையில் போவது நல்லது. மின்வெட்டு நேரத்திலும் சாளரங்களுக்குக் குறை வராது. மூலையில் இருக்கும் மரச்சிற்பத்துக்கும் நிலவறைக்கும் மட்டும் ஒரு கைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகும் அன்று இன்னும் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும்: சக்கர நாற்காலி எந்த வாசலில் ஏறும், கழிப்பறை எங்கே, பஸ் எங்கே நிற்கலாம், முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து பார்க்க எந்த வரிசை சரியாக இருக்கும். நம் குழுக்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நின்றுகொண்டே பார்க்க வேண்டிய படைப்புகளை முதலிலும், உட்கார்ந்து பார்க்கக் கூடியவற்றைப் பிறகும் வைத்தால் கடைசி வரை கவனம் சிதறாது.

அனுமதி, நாள், கட்டணம்

பேராலய அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். எத்தனை பேர், எந்த மொழியில் பேசுவீர்கள், எவ்வளவு நேரம், எந்தப் படைப்புகளின் முன் நிற்பீர்கள், படம் எடுக்கலாமா என்ற ஐந்தையும் எழுதினால் பெரும்பாலும் தடையின்றி அனுமதி கிடைக்கும். கோயில் பணியாளர் அல்லது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் உடன் வர முடியுமா என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் ஒரு நினைவு, நீங்கள் படித்துச் சொல்லும் பத்துச் செய்திகளை விடக் குழுவின் மனத்தில் நிற்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு நாள்காட்டிகளையும் விரித்து வையுங்கள். ஞாயிறு காலை முழுவதும் வழிபாடு. புனித வெள்ளியன்று தேவாலயமும் முடியாது, நம்மவர்களும் வரமாட்டார்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க் சிவ சுப்ரமணியர் கோயிலில் அன்றுதான் தீமிதி, இசிபிங்கோ மாரியம்மனுக்கும் அந்த நாளில்தான் கூட்டம். புரட்டாசியில் போனால் மதியச் சாப்பாட்டுக்குச் சைவ உணவகத்தை முன்பே பேசி வையுங்கள். திருமணம், அடக்கச் சடங்கு ஆகியவை திடீரென வரும். ஆகவே முந்தின நாள் மாலையும் ஒருமுறை போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்பவர், 2014-ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி மாகாணப் பதிவாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் சங்கத்தாரை நீங்களே கூலியில்லாமல் அழைத்துப் போவது வேறு. ஆளுக்கு இத்தனை ராண்ட் என்று வாங்கத் தொடங்கினால் பதிவு செய்துகொள்ளுங்கள், அல்லது பதிவு பெற்ற வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு நீங்கள் தமிழில் விளக்கம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு படைப்பைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பக்கம் போதும். யார் செய்தது, எந்த ஆண்டு, எந்தப் பொருளால் என்பவை மேலே. அதன் கீழே மூன்று கேள்விகள்: இதை வேண்டும் என்று கேட்டது யார்? பணம் எங்கிருந்து வந்தது? யார் இதன் முன் வாரா வாரம் மண்டியிடுகிறார்கள்? அருங்காட்சியகத்தில் மூன்றாவது கேள்விக்கு இடமில்லை. தேவாலயத்தில் அதுதான் உயிர். ஓவியம் பிடிக்காதவரும் அதன் முன்னால்தான் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும், தாயின் சவப்பெட்டியை வைக்க வேண்டும்.

அதனால்தான் பேராலயங்களில் நவீனக் கலை வந்த இடமெல்லாம் வாதமும் வந்தது. ஜெர்மனியின் கோலோன் பேராலயத்தில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2007-ல் வைத்த சாளரத்தில் புனிதர் யாரும் இல்லை. 72 நிறங்களில் 11,000-க்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகள் மட்டுமே. அந்த ஊர்ப் பேராயர் கர்தினால் மைஸ்னருக்கே அது பிடிக்கவில்லை. இங்கிலாந்தின் கவன்ட்ரி பேராலயம் 1940 நவம்பரில் குண்டுவீச்சில் அழிந்தபோது இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதைக் கட்டினார்கள். 1962-ல் திறந்த அந்தக் கட்டடத்துக்குள் கிரஹாம் சதர்லாண்டின் மாபெரும் நெசவுச் சித்திரமும் ஜான் பைப்பரின் சாளரமும் இடம்பெற்றன. இப்படி இரண்டொரு வெளிநாட்டு உதாரணங்கள் நோட்டில் இருக்கட்டும். குழுவின் முன் அவற்றை அடுக்க வேண்டாம். யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

நம் நாட்டின் வரலாறு அதைவிட அவசியம். 1929-ல் எர்னஸ்ட் மன்கோபா என்ற இளைஞர் மஞ்சள் மரத்தில் மரியாவைச் செதுக்கினார். கறுப்பினப் பெண்ணின் முகத்தோடு மரியா. ஜோகன்னஸ்பர்க் செயின்ட் மேரிஸ் பேராலயத்தோடு நெடுங்காலம் தொடர்புடையதாக இருந்த சிற்பம் அது. மன்கோபா 1938-ல் பாரிஸுக்குப் போய்விட்டார், ஐரோப்பாவின் கோப்ரா ஓவியர் குழுவில் ஒருவரானார். அடுத்த தலைமுறையில், குவாசூலு நேட்டாலின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் லுத்தரன் சபையின் ஆதரவில் 1960-களில் ஒரு கலைக்கூடம் எழுந்தது. அங்கே பயின்ற அசாரியா ம்பாத்தா, லினோலியத் தகட்டைச் செதுக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட விவிலியக் காட்சிகளில் பெரும்பாலும் ஆப்பிரிக்க முகங்கள். கறுப்பினத்தவருக்குக் கலைக் கல்லூரிக் கதவுகள் ஏறத்தாழ மூடியிருந்த காலத்தில் மிஷன் பள்ளிகளும் திருச்சபைக் கலைக்கூடங்களும்தான் உளியையும் தூரிகையையும் அவர்கள் கையில் கொடுத்தன. தென்னாப்பிரிக்க நவீனக் கலையின் ஒரு பெரும் கிளை தேவாலயத்திலிருந்து முளைத்தது. இந்த ஒரு செய்தியைக் குழு எடுத்துக்கொண்டு போனாலும் உங்கள் உழைப்பு வீணாகவில்லை.

வாசலில் சொல்ல வேண்டியவை

உள்ளே நுழையும் முன், வெளியிலேயே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் குழுவில் இந்துக்கள்தான் அதிகம். முஸ்லிம் நண்பர்களும் கிறிஸ்தவத் தமிழர்களும் இருப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணைப் பேழைக்கு (புனித அப்பம் வைக்கும் பெட்டிக்கு) பக்கத்தில் சிறு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் பேச்சைக் குறையுங்கள். பலிபீட மேடையில் ஏறக் கூடாது. திருப்பலி நடக்கும்போது போய்விட்டால் கடைசி வரிசையில் உட்காரலாம். அப்பத்துக்கான வரிசையில் மட்டும் சேர வேண்டாம். நம் கோயிலில் பிரசாதம் எல்லோருக்கும் உண்டு, இங்கே அது அந்தச் சபையாருக்கு உரியது என்று நேராகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது. கும்பிட நினைப்பவர்கள் கும்பிடட்டும், நினைக்காதவர்கள் பார்க்கட்டும்.

ஜோகன்னஸ்பர்க் நகர மையத்தில் உள்ள தேவாலயத்துக்குப் போனால், பாதுகாப்புக்காகப் பஸ் வாசலருகே நிற்க வேண்டும். கழுத்துச் சங்கிலியும் கைபேசியும் உள்ளே இருக்கட்டும்.

படைப்பின் முன்: முதலில் கண், பிறகு பேச்சு

பெரும்பாலான வழிகாட்டிகள் படைப்பின் முன் போய் நின்றவுடன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசத் தொடங்கிவிடுகிறார்கள். குழுவோ வழிகாட்டியின் முகத்தைப் பார்க்கிறது. நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு நிமிட மௌனம் முதலில் சங்கடமாக இருக்கும். ஒரு நிமிடம் கழிந்த பிறகுதான் கண் படைப்புக்குள் போகும். பிறகு, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் பரீட்சை வைத்தது போலப் பேச்சு நின்றுவிடும்.

ரெஜினா முண்டியை எடுத்துக்கொள்வோம். லாரி ஸ்கல்லி 1973-ல் வரைந்த ஓவியம், சொவெட்டோவின் கறுப்பு மடோனா என்று அறியப்பட்டது. கறுப்பினத் தாய், கையில் கறுப்பினக் குழந்தை. கறுப்பின மாணவர்களின் கல்விக்கு நிதி திரட்டும் முயற்சியோடு பிறந்த ஓவியம். குழு முதலில் தாயின் முகத்தைத்தான் பார்க்கும், பார்க்கட்டும். பிறகு பார்வையைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு பெரிய கண் இருக்கிறது. அந்தக் கண்ணின் பாவையை நோக்கி இரு பக்கமிருந்தும் முள்கரண்டிகள் நீள்கின்றன. நடுவில் ஒளியோடு ஒரு சிலுவை. இதை யாராவது ஒருவர் தாமாகக் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருங்கள். பெரும்பாலும் ஒரு குழந்தைதான் முதலில் சொல்லும். பாவை சொவெட்டோ, முள்கரண்டிகள் அதன் மேல் பாயும் வன்முறை, சிலுவை அதன் நடுவில் நிற்கும் திருச்சபை என்று பொருள் சொல்லப்படுகிறது. அதை அதன் பிறகு சொல்லுங்கள்.

இப்போது ஆண்டைச் சொல்லுங்கள். 1973. மூன்று ஆண்டுகள் கழித்து, 1976 ஜூன் 16 அன்று, ஆஃப்ரிகான்ஸ் மொழியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்பி இந்தக் கோயிலுக்குள் ஓடிவந்தார்கள். போலீசார் உள்ளே புகுந்து சுட்டார்கள். பலர் காயமடைந்தனர், கோயிலுக்குள் யாரும் சாகவில்லை. கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள், குண்டுத் துளைகள் இன்றும் இருக்கின்றன. பலிபீடத்தின் பளிங்கு மூலை உடைந்த இடத்தையும் காட்டுங்கள்.

இந்த வரிசை முக்கியம். ஓவியம், ஆண்டு, பிறகு கூரை. பலர் கூரையில் தொடங்குகிறார்கள். அப்போது ஓவியம் 1976-ன் நினைவுச் சின்னம் போல ஆகிவிடுகிறது. ஸ்கல்லி தீட்டியபோது குண்டுகள் இன்னும் பாயவில்லை. அந்த முள்கரண்டிகள் முன்பே அங்கே இருந்தன. வரிசையை மாற்றாமல் காட்டினால், ஓவியர் தம் காலத்தைக் கண்ணால் பார்த்துத் தீட்டியது குழுவுக்குத் தானாகவே புரியும். 1990-களில், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகள் இதே கூடத்தில் நடந்ததையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லெனேசியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி அந்த ஓவியத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "தம்பி, மரியம்மா யூதப் பெண்தானே, இவர்கள் எப்படிக் கறுப்பாக வரையலாம்?" என்று கேட்டார். இந்தக் கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். நான் வேளாங்கண்ணி மாதாவை நினைவுபடுத்தினேன். பட்டுப்புடவை கட்டி நிற்கும் அந்த மாதாவைப் பார்த்து, மரியா புடவை கட்டினாரா என்று தமிழர் யாரும் கேட்பதில்லை. தாயைத் தன் வீட்டுத் தாயாகப் பார்க்க ஆசைப்படுவது எல்லா ஊருக்கும் பொது. "அப்படியானால் சரிதான் அப்பா" என்றார் பாட்டி. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

செயின்ட் ஜார்ஜ்ஸில் ஒரு மணி நேரம்

இங்கே வெளியிலிருந்து தொடங்குங்கள். கம்பெனி தோட்டத்தின் நுழைவில், பேராலயத்தை ஒட்டி, வளைந்த மரத் தூண்களால் ஆன ஒரு வளைவு நிற்கிறது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் 86-ஆம் பிறந்தநாளுக்காக 2017 அக்டோபரில் திறக்கப்பட்டது. நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனமும் ஜோகன்னஸ்பர்க்கின் லோக்கல் ஸ்டூடியோவும் வடிவமைத்தன. மரத் தூண்கள் 14. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் அத்தியாயங்களும் 14. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு எண்ணுவது பிடிக்கும், பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அதன் அடியில் நின்றால் ஒரு பக்கம் நாடாளுமன்றம், இன்னொரு பக்கம் பேராலயம். ஒரு கலைப்படைப்புக்கு அதன் இடம் எவ்வளவு பொருள் சேர்க்கும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிறகு பேராலயப் படிகள். 1989 செப்டம்பர் 13 அன்று டூட்டூவும் மற்ற தலைவர்களும் நடத்திய அமைதிப் பேரணி இங்கிருந்துதான் கிளம்பியது. சுமார் 30,000 பேர் திரண்டார்கள். ஐந்து மாதம் கழித்து மண்டேலா விடுதலையானார்.

உள்ளே போனதும் பலிபீடத்தை நோக்கி நடந்து பாதியில் நின்று, எல்லோரையும் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்குச் சாளரம். பிரான்ஸின் சார்த்ர் நகரைச் சேர்ந்த கேப்ரியல் லுவார் 1982-ல் செய்தது. பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தின் நீலக் கண்ணாடிச் சுவர்களும், இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் மனசாட்சிக் கைதிகளுக்கான சாளரமும் அவர் கைவண்ணமே. கேப்டவுன் சாளரத்தின் பெயர், இருளையும் தீமையையும் வென்ற கிறிஸ்து. மவுண்ட்பேட்டன் பிரபுவின் நினைவாக வைக்கப்பட்டது.

மவுண்ட்பேட்டன் என்ற பெயரைக் கேட்டதும் நம் பெரியவர்கள் 1947-க்குப் போய்விடுவார்கள், பிரிவினை பற்றி வாதம் எழும். ஐந்து நிமிடம் பேச விடுங்கள். அதை அடக்கினால் சாளரத்தையே மறந்துவிடுவார்கள். பிறகு மெல்ல ஆண்டுக்கு இழுத்து வாருங்கள். 1982-ல் இந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? இருளை வெல்லும் கிறிஸ்து என்ற தலைப்பை, நிறவெறியை எதிர்த்துக் கூடிய மக்கள் இந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து எப்படிப் பார்த்திருப்பார்கள்? ஓவியர் இதை நினைத்துத்தான் செய்தார் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கேள்வியாகவே விட்டுவிடுங்கள்.

கண்ணாடியைக் காட்ட ஒரு எளிய வழி உண்டு. கண்ணாடிக் கடையில் விளிம்பு தேய்த்த சிவப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி, துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறையக் கறுப்பாக, அழுக்குப் பிடித்த ஓடு மாதிரி கிடக்கும். அதையே சாளரத்துப் பக்கம் தூக்கிப் பிடித்தால் விரல்களின் மேல் சிவப்பு இறங்கும். துண்டை வரிசையாகக் கை மாற்றி எல்லோரையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நின்று பார்த்தால் சாளரம் ஏன் மங்கிக் கிடக்கிறது, உள்ளே வந்தவருக்கு மட்டும் ஏன் நிறம் கிடைக்கிறது என்பது கை வழியாகப் புரிந்துவிடும். துண்டுகளைப் பிரிக்கும் கறுப்புக் கோடுகளையும் கவனிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தாங்கும் சட்டம் அது. நல்ல கலைஞன் கையில் அதுவே சித்திரக் கோடாகவும் ஆகிவிடுகிறது. இதற்கு ஒரு சிறிய இருகண் நோக்கி இருந்தால் நல்லது.

அதன் பின் பலிபீடத்தின் முன்பகுதி. 2021 டிசம்பரில் மறைந்த டூட்டூவின் அஸ்தி இங்கே தரைக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. தம் சவப்பெட்டி மிக எளிமையானதாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதைச் சொல்லலாம். நேரம் இருந்தால் நிலவறையில் உள்ள நினைவு மற்றும் சாட்சி மையத்துக்கு இறங்கலாம். கால் வலிப்பவர்களை அங்கே இறக்க வேண்டாம்.

வெளியே வந்து தோட்டத்தின் வழியே மெதுவாக நடந்தால் தென்னாப்பிரிக்கத் தேசிய கலைக்கூடம் வந்துவிடும். ஜேன் அலெக்சாண்டரின் கசாப்புப் பையன்கள் என்ற சிற்பம் அந்தக் கூடத்தின் சேகரிப்பில் உள்ளது: கொம்பு முளைத்த, வாயில்லாத மூன்று மனித உருவங்கள், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவை. 1980-களின் நடுவில், நிறவெறியின் மிகக் கொடிய ஆண்டுகளில் செய்தவை. அன்று காட்சியில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இதே கலைஞரின் மனிதமும் மிருகமும் கலந்த உருவங்களை 2013-ல் நியூயார்க்கின் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்துக்குள் நிறுத்திக் காட்டினார்கள். தேசிய கலைக்கூடத்தில் சிற்பத்தைப் பார்த்துவிட்டு, "சற்று முன் உட்கார்ந்திருந்த அந்தப் பேராலயத்தின் நடுக்கூடத்தில் இவை உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில்களுக்காகவே நான் கேப்டவுன் குழுக்களை இந்த வழியில் அழைத்துப் போகிறேன்.

கடினமான கேள்விகள்

"இதுவும் கலையா, என் பேரன் கூட வரைவான்" என்று ஒருவர் சொல்வார். அவரோடு வாதாடாதீர்கள். எந்தப் பகுதி உங்களுக்கு உறுத்துகிறது என்று கேளுங்கள். உறுத்தும் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டுமென்றால் அவர் மறுபடி உற்றுப் பார்த்தாக வேண்டும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். "ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைச் சாளரத்தில் போட்டார்களே" என்பது இன்னும் நியாயமான கேள்வி. அதற்குத்தான் நோட்டில் இரண்டாவது கேள்வியை எழுதி வைத்தீர்கள். யார் கொடுத்த பணம் என்று தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லுங்கள். மதமாற்றம் பற்றிய சந்தேகம் எழுந்தால், பார்க்க வந்தோம், பார்த்துவிட்டுப் போகிறோம் என்பதற்கு மேல் நீட்ட வேண்டாம். நீங்களும் பிரசங்கம் செய்யாதீர்கள். உடன் வரும் கோயில் பணியாளரிடமும் முன்பே அன்பாகச் சொல்லி வையுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டர்பனில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் புரியும், இந்தியாவிலிருந்து வந்த அத்தைக்கு இங்குள்ள ஆங்கிலம் பிடிபடாது. இரண்டு மொழியிலும் மாறி மாறிச் சொன்னால் ஒரு மணி நேரம் இரண்டாகிவிடும். கேள்விகளை இரண்டு மொழியிலும் கேளுங்கள், விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள், பெயர்களும் ஆண்டுகளும் அடங்கிய ஒரு தாளை அச்சடித்துக் கையில் கொடுங்கள். தமிழ்ப் பள்ளி மாணவர் ஒருவரைப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தால் இருவருக்கும் வேலை நடக்கும்.

ஒரு மணி நேரத்தில் ஐந்து படைப்புகளுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வெளியிலிருந்தும் இன்னொன்றை உள்ளிருந்தும் தொடங்குங்கள்.

முடிந்த பிறகு

உண்டியலில் குழுவின் பெயரில் ஒரு தொகை போடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் இது மரியாதை. பஸ் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தம் மனத்தில் நின்ற ஒரு படைப்பின் பெயரை மட்டும் சொல்லட்டும். யாருமே சொல்லாத படைப்பை அடுத்த முறை விட்டுவிடுங்கள், அல்லது வேறு நேரத்தில் வேறு வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். அந்த வாரத்துக்குள் பேராலய அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதி, பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளையும் அதிலேயே சேர்த்து அனுப்புங்கள். வரும் பதிலை நோட்டில் அந்தந்தப் படைப்பின் பக்கத்தில் எழுதிவிட்டு, கேட்டவருக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.